பன்னிரண்டுக்குள் ஆறு

யுத்தத்தில் ஜப்பான்காரன் சென்னையின் மேல் குண்டு போடப்போகிறான் என்று கல்லூரியையும் விடுதியையும் மூடி எங்களைப் பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு அனுப்பியபோது, குரூப் தியரி பாதியில் நின்றிருந்தது. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இவளுக்குப் பாடம் நின்றதுதான் கவலையா என்று. ஆமாம், அதுதான் கவலை. எங்கள் வகுப்புப் பையன்கள் ஆசிரியர் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள். வகுப்பில் இருந்த இரண்டு பெண்களும் அப்படிக் கிளம்ப முடியாது. அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி.

இன்னொருத்தி விழுப்புரத்துக்காரி. அவள் அப்பா ரயில்வேயில் கார்டு. நான் திண்டிவனம். என் அப்பா ஒரு மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு வாத்தியார். அவருக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பலகையில் எழுதியவர்கள் இல்லை, பிறர் நிலத்தில் வேலை செய்தவர்கள்தான். அம்மா அப்போதும் மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வீட்டிலும் எங்களைக் கணக்கில் ஹானர்ஸ் படிக்க வைத்தது எப்படி என்று கேட்டால், எங்கள் இருவருக்கும் பிடிவாதம் அதிகம் என்பதுதான் பதில்.

ஹானர்ஸ் பரீட்சையை ஒருவர் ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் தவறியதுதான், மறுபடி உட்கார விடமாட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனாலும் அதே கதிதான் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பரீட்சையை அந்த வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். எப்போது என்று சொல்லவில்லை. நாளைக்கே அறிவிப்பு வரலாம், வராமலே போகலாம். தினமும் அப்பா வாசகசாலைக்குப் போய்ச் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுதுவதை விட்டுவிட்டு எழுந்து ஓடுவேன்.

குரூப் என்பதை இப்போது பாடப் புத்தகங்களில் குலம் என்று போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒட்டாது. குலம் கேட்டே பலர் என்னை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள், கணக்கிலுமா அது என்று இருக்கும். நாங்கள் படித்தபடி குரூப் என்றே சொல்கிறேன்.

பாடம் எங்கே நின்றது என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நான்கு பேரை நான்கு நாற்காலியில் உட்கார வைத்து, மாற்றி மாற்றி அமர்த்தும் இருபத்துநான்கு விதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் சரிபாதி, பன்னிரண்டு மாற்றங்கள், தமக்குள்ளேயே அடங்கியவை. அந்தப் பன்னிரண்டில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விடை அந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே விழும், வெளியே போகாது. அதுதான் குரூப். அதற்குள் அதேபோல் அடங்கிய சின்னக் கூட்டம் இருந்தால் அது சப்குரூப். சப்குரூப்பின் எண்ணிக்கை பெரிய குரூப்பின் எண்ணிக்கையை மீதியில்லாமல் வகுக்கும் என்பது தேற்றம். கடைசி வகுப்பில் ஆசிரியர் அதை நிரூபித்துவிட்டு, இந்தப் பன்னிரண்டுக்குள் என்னென்ன சப்குரூப் இருக்கிறது என்று கண்டுபிடித்து வாருங்கள், மிச்சத்தை அடுத்த வகுப்பில் பேசுவோம் என்றார். அடுத்த வகுப்பு நடக்கவில்லை.

ஒன்றையும் பன்னிரண்டையும் விட்டால், பன்னிரண்டை வகுக்கும் எண்கள் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு. ஆகவே இரண்டு மாற்றங்கள் கொண்ட சப்குரூப், மூன்று, நான்கு, ஆறு எல்லாம் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டோம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. வகுக்கும் என்றால் இருக்கும் என்றுதானே அர்த்தம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். கேட்டுத் தெளிய ஆளில்லை.

இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு புத்தகம். கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்து திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் எங்களோடு ஓடிவந்த புத்தகம். அது அவள் அப்பாவோடு ரயிலில் போய் வந்தது. அவர் விழுப்புரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பாசஞ்சரில் காலையில் வருவார், மாலையில் திரும்புவார். ஒரு வாரம் புத்தகம் அவளிடம், ஒரு வாரம் என்னிடம். கொடியும் விளக்கும் வைத்திருக்கும் பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றி வைத்திருப்பார். கார்டு வண்டி ரயிலின் கடைசியில் நிற்கும். நான் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் வாங்கிக்கொள்வேன். நாங்கள் போட்டுப் பார்த்த கணக்குத் தாள்களும் அதற்குள் மடித்திருக்கும்.

கோடை விடுமுறை என்பதால் அப்பாவின் பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. அவரிடம் சாவி உண்டு. காலையிலேயே போய்க் கரும்பலகை நிறைய எழுதுவேன். இரண்டு கிடைத்தது. மூன்று கிடைத்தது. நான்கும் அழகாக வந்து உட்கார்ந்தது. ஆறு மட்டும் வரவில்லை. இரண்டு பேர் இடம் மாறி, மற்ற இருவரும் இடம் மாறும் மாற்றம் ஒன்று. மூன்று பேர் சுற்றி மாறும் மாற்றம் ஒன்று. முதலாவதை இரண்டு முறை செய்தால் பழைய நிலை, அடுத்ததை மூன்று முறை செய்தால் பழைய நிலை. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, அப்படியானால் ஆறு வரவேண்டும். நான் சேர்த்தால் ஏழாவது ஒன்று முளைக்கும், அதை உள்ளே விட்டால் எட்டாவது, கடைசியில் பன்னிரண்டும் வந்து நிற்கும். ஆறு பேருக்கு இலை போட்டால் தெருவே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. எனக்கு எரிச்சல் தாங்காது. துடைத்துவிட்டு வேறு இரண்டை எடுப்பேன், மறுபடியும் அதேதான்.

அவளிடமிருந்து வந்த தாள்களிலும் அதேதான். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாரம் போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு தாளின் அடியில், உனக்கு வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள். வந்துவிடும் போலிருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். நான் அவ்வளவு சுலபத்தில் தோற்றேன் என்று எழுதுகிறவள் இல்லை.

ஒருநாள் அப்பா வழக்கத்தைவிட வேகமாக வந்தார். பரீட்சைத் தேதி போட்டுவிட்டார்கள். சென்னையில்தான், வழக்கமாக நடக்கும் மண்டபத்தில்தான். அன்று வீட்டில் பெரிய ரகளை. குண்டு போடுகிற ஊருக்கு மகளை அனுப்புவதற்கு நான் பெத்திருக்க வேண்டாம் என்று அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார். அப்பாவுக்கு என்னை அனுப்ப வேண்டும், ஆனால் வாய் வராது. நான்தான் பேசினேன், ஒருமுறைதான் எழுத முடியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அம்மா ஒரு இடத்தில் இறங்கிவந்தார்.

"அந்த விழுப்புரத்துப் பொண்ணு வந்தா நீயும் போய்க்கினு வா. அது வரலைன்னா நீயும் போவ வேணாம். தனியா அனுப்ப மாட்டேன்."

விழுப்புரத்திலும் அப்படியேதான் பேச்சு நடந்ததாம். திண்டிவனத்துப் பெண் போனால் இவளும் போகலாம், இல்லாவிட்டால் கிடையாது. இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எப்படித்தான் சொல்லிவைத்த மாதிரி ஒரே தீர்ப்பைச் சொன்னார்களோ தெரியவில்லை. ஆக ஒருத்தி நின்றால் இரண்டு பேரும் நின்றோம்.

அதற்குப் பிறகு வந்த வாரம் புத்தகம் அவளிடம் இருக்க வேண்டிய வாரம். அப்பாவின் கடிகாரத்துக்குச் சாவி வாங்க ஸ்டேஷன் பக்கம் போனவள், பாசஞ்சர் நிற்பதைப் பார்த்துச் சும்மா உள்ளே போனேன். கார்டு என்னைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து துண்டு சுற்றிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். இது என் வாரமில்லையே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"இனிமே ஒங்கிட்டயே இருக்கட்டும்மா. அவ பரீட்சை எழுதலையாம்."

வண்டி நகர்ந்தது.  புத்தகத்தை விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தாளும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, விழுப்புரத்தில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, நீயும் வா என்றார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. மறுநாள் காலையில் கிளம்பினோம். ரயில்வே குடியிருப்பின் முனையில் என்னை விட்டுவிட்டு, சாயங்கால வண்டிக்கு நேரமாகும்போது வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சந்தைப் பக்கம் நடந்தார்.

அவள் பின்கட்டில் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அவள் அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, வந்ததே நல்லதாச்சு, ரெண்டு நாளா இது சரியா சாப்பிடறதில்ல என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். குழவி நிற்கவில்லை. பயமா என்றேன். குண்டுக்குப் பயமில்லை என்றாள். பிறகு என்ன என்று நான் குரலை உயர்த்திய பிறகுதான் குழவியை நிறுத்தினாள்.

"எனக்கு ஆறு வரலைடி. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். ஒனக்கு வருது, எனக்கு வரலை. இதுக்கே தலை இல்லாதவ அங்க போயி இன்னாத்த எழுதறது?"

எனக்கு வருகிறது என்று அவளிடம் யார் சொன்னது. நான்தான் சொல்லியிருந்தேன். வந்துவிடும் போலிருக்கிறது என்று எழுதியவள் நான்தானே. இப்போது எனக்கும் வரவில்லை என்று சொன்னால் நம்புவாளா, சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாள். அதனால் வேறு வழியில் போனேன். நான் காட்டுகிறேன் பார் என்று அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவள் எதிரில் வைத்தே போட்டால் எப்படியும் வந்துவிடும், வராமல் எங்கே போகும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

பன்னிரண்டையும் வரிசையாக எழுதினேன். ஒன்றை எடுத்தேன், இன்னொன்றைச் சேர்த்தேன், பெருக்கினேன். ஏழாவது வந்தது. அழித்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதுவும் போயிற்று. வெயில் பின்கட்டுக்குள் இறங்கிவிட்டது. நெற்றி வியர்வை சொட்டி எழுத்து கலைந்தது. அவள் கையில் மாவு காய்ந்துபோய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில், பார்த்தாயா என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு அது மாறி, என்மேல் இரக்கப்படுகிற பார்வை ஆனது. அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அம்மா எட்டிப் பார்த்து, இன்னாத்துக்கு தரையெல்லாம் கரியாக்குறீங்க, கழுவறது யாரு என்றார். நான் அடுத்த வரியை எழுதினேன். மாலை வண்டிக்கு முன்னால் இது முடியாவிட்டால் எனக்குப் பரீட்சை கிடையாது, இவளுக்கும் கிடையாது. அதை நினைத்துக்கொண்டே ஒரே பெருக்கலை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்.

"ஒனக்கும் வரலையா?" என்றாள்.

"வரலை. ஒரு நாளும் வந்ததில்ல. சும்மா எழுதி அனுப்பினேன்" என்று கரித்துண்டைச் சுவரில் வீசினேன். அது உடைந்து அவள் அம்மா காயவைத்திருந்த வடகத்தின்மேல் விழுந்தது.

அவள் எழுந்துபோய்க் கரியைப் பொறுக்கினாள். வடகத்தை ஊதித் துடைத்தாள். திரும்பி வந்து, நான் எழுதியிருந்த பன்னிரண்டையும் நின்றபடியே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, நடுவில் ஒரு கோடு போட்டாள். ஆறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் என்றாள். அப்படியானால் பன்னிரண்டும் சரிபாதியாகப் பிரிகிறது, உள்ளே ஆறு, வெளியே ஆறு. அந்தத் தேற்றத்தின் நிரூபணத்திலேயே இது இருந்தது, எனக்கும் தெரியும். வெளியே இருக்கும் எதையாவது இரண்டு முறை செய்தால் அது எங்கே போகும் என்று கேட்டாள். உள்ளேதான் போக முடியும், அது உள்ளே இருக்கும் ஆறோடு சேர்ந்தே வெளியே இருக்கும் ஆறு இடத்தையும் நிரப்பிவிடுகிறதே என்றேன். உள்ளே இருப்பதை இரண்டு முறை செய்தால்? அதுவும் உள்ளேதான். அப்போது எதை இரண்டு முறை செய்தாலும் உள்ளே வந்துவிடுகிறது, இல்லையா என்றாள்.

அதற்குமேல் அவள் பேசவில்லை. மூன்று பேர் சுற்றி மாறும் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கரியால் வட்டமிட்டாள். இடப்பக்கமாகச் சுற்றுவதை இரண்டு முறை செய்தால் வலப்பக்கமாக ஒருமுறை சுற்றிய மாதிரி. வலப்பக்கத்தை இரண்டு முறை செய்தால் இடப்பக்கம். ஆக அவை ஒவ்வொன்றும் இன்னொன்றை இரண்டு முறை செய்து கிடைப்பவை. எல்லாமே உள்ளே வந்தாக வேண்டும். வட்டங்களை எண்ணினாள்.

"எட்டுடி. எட்டும் உள்ள வருது. உள்ள இருக்கறது ஆறு எடம்தான்."

நான் தரையையே பார்த்தேன். மறுபடி எண்ணினேன். எட்டுதான். ஆறு மாற்றங்கள் கொண்ட சப்குரூப் அங்கே இல்லை. எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில்லை, இல்லவே இல்லை. எந்தப் பேராசிரியர் வந்து தேடினாலும் கிடைக்காது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம். இல்லாத ஒன்றைத் தேடி வாரக்கணக்கில் நானும் தூங்காமல், இவளும் தன் தலையைப் பழித்துக்கொண்டு, ஒருமுறை மட்டுமே கிடைக்கும் பரீட்சையைக் கைகழுவும் வரைக்கும் போய்விட்டோமே. வகுக்கும் என்றால் இருக்கும் என்று எங்களை யார் நினைக்கச் சொன்னது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், முகமெல்லாம் கரி. அவள் அம்மா வந்து, கிடைச்சிதா என்று கேட்டார். இல்லைன்னு தெரிஞ்சிது என்றாள் இவள். இல்லைன்னு தெரிஞ்சிக்கவா இந்தப் பாடு என்று அவர் வாளியை எடுத்துவந்து தரையைக் கழுவ ஆரம்பித்தார்.

பரீட்சைக்கு வருகிறாயா என்று நான் கேட்டபோது அப்பா வாசலில் வந்து நின்றுவிட்டார். அவள் பார்க்கலாம் என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிடு, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். அப்பாகிட்ட சொல்லி அனுப்பறேன் என்றாள். அதோடு நான் வண்டிக்கு ஓடினேன்.

சொல்லி அனுப்பவில்லை. ஏனென்றால் அவள் அப்பாவைப் பட்டாளத்தார் போகும் தனி வண்டிகளுக்கு மாற்றித் திருச்சிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பாசஞ்சரின் கடைசியில் வேறு ஒருவர் கொடி காட்டினார், அவருக்கு என்னைத் தெரியாது. தபாலில் எழுதினேன், பதில் வருவதற்குள் பரீட்சைக்குப் போகும் நாள் வந்துவிட்டது. அவள் வருகிறாளா என்று அம்மா தினமும் கேட்டார். வருவாள் என்று தினமும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மூஞ்சிய நானு கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் நீ ஏறணும்" என்று அம்மா மண்டிக்குப் போகாமல் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார்.

விழுப்புரத்து வண்டி நேரம் கழித்து வந்தது, பாதி வண்டி பட்டாளத்தார். பெண்கள் பெட்டியை நோக்கி ஓடினோம். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். அம்மாவுக்கு அவளைத் தெரியாது, ஆகவே இளம் பெண் யாரைப் பார்த்தாலும், இதுவா, இதுவா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை, இல்லை என்றேன். பெட்டி முழுக்கப் பார்த்தாயிற்று. அவள் இல்லை. இஞ்சின் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டது. மணி அடித்தார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, வா வூட்டுக்கு, விதி அவ்ளோதான் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் திமிறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன். மூன்று வருஷப் படிப்பும் இத்தோடு சரி என்று நினைத்தேன், அழுகைகூட வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். பொதுப் பெட்டி ஜன்னலில் அவள். பெண்கள் பெட்டியில் இடமில்லாமல், துணைக்கு வந்த ரயில்வே குடும்பத்தோடு மூட்டைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நீதானா அது என்று கேட்டார். ஆமாங்க என்றாள். அம்மா வேறொன்றும் பேசவில்லை. என் பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே திணித்தார், நகர ஆரம்பித்த வண்டியின் படியில் என்னை முதுகில் கைவைத்துத் தள்ளி ஏற்றினார்.

மூட்டையின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒலக்கூர் தாண்டியிருக்கும். அவள் வீட்டிலும் இதே உத்தரவுதானாம். திண்டிவனம் பிளாட்பாரத்தில் நான் நிற்காவிட்டால் அங்கேயே இறங்கி அடுத்த வண்டியில் திரும்ப வேண்டும், துணைக்கு வந்தவர்களிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ நிக்கலைன்னாலும் நான் எறங்கி இருக்க மாட்டேன்" என்றாள்.

 நான் அம்மா பின்னால் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன் என்பதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். சென்னை வரும்வரை இருவரும் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு படித்தோம்.

முடிவு வந்தபோது அவள் பெயர் முதல் வகுப்பில் இருந்தது, என் பெயர் இரண்டாம் வகுப்பில். திருத்தியவர் யாரோ தெரியாது, சரியாகத்தான் போட்டிருந்தார்.